தினம் ஒரு மாத்திரை மென்றால் பல் காக்குமா? டப்பாவின் பின்பக்கத்தைச் சேர்ந்து படிப்போம்

பவானிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 64. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாக வாய் வறட்சி. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஆடி மாதம் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இதைக் கேள்விப்பட்டு, அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒரு டப்பா வாங்கி அனுப்பியிருக்கிறான். 30 மாத்திரை. காலையில் ஒன்றை மெதுவாக மென்று வாயிலேயே கரையவிட வேண்டுமாம்.

பின்பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: லேக்டோபேசிலஸ் பாராகேசி, லேக்டோபேசிலஸ் ரூட்டரி, பைஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ், இந்த மூன்று பாக்டீரியாவும் சேர்த்து 350 கோடி. இனுலின் (ஒரு நார்ச்சத்து). மாலிக் அமிலம். ட்ரைகால்சியம் பாஸ்பேட். புதினா. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "இதர பொருட்கள்" என்று சைலிட்டால், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், மெக்னீசியம் ஸ்டியரேட்.

இதில் எது உண்மையில் வேலை செய்யும்? அம்மாவுக்குக் கொடுக்கலாமா? தம்பி ஆசையாக அனுப்பியதை வேண்டாம் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை, தெரியாமல் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

ஈறும்பல்லும்:

நான் பல் மருத்துவர், 22 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். உங்கள் அம்மாவைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசலாம்.

முதலில் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். எனாமலின் எடையில் கிட்டத்தட்ட 96 சதவீதம் தாதுதான், ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகம். வாயில் பிஎச் அளவு (இது இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5க்குக் கீழே போனால் இந்தப் படிகம் கரையத் தொடங்கும். 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர், குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, பல்மேல் படிந்த காரையில் பிஎச் எப்படி மாறுகிறது என்று அளந்தார். சில நிமிடங்களிலேயே சடாரென்று இறங்கியது. பழைய நிலைக்கு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆனது. ஏற்றிவிடுவது உமிழ்நீர். அமிலத்தை அடக்கும் பைகார்பனேட்டும், கரைந்த இடத்தை நிரப்பும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில்தான் இருக்கின்றன.

ஆரோக்கியமான ஒருவருக்கு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். உங்கள் அம்மாவுக்கு அது குறைந்துவிட்டது. அதனால் அவர் ஒரு பிஸ்கெட் சாப்பிட்டாலும் பிஎச் இறங்கிய இடத்திலேயே நெடுநேரம் நிற்கும். எந்தப் பொருளாக இருந்தாலும் இந்த நிலையை அது மாற்றுகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

அந்த வகையில் எனக்கு உறுத்துவது மாலிக் அமிலம். ஆப்பிளில் இருக்கிற அதே அமிலம்தான். கறையை எடுத்துப் பல்லை வெண்மையாக்கும் என்று விற்கிறார்கள். அமிலம் என்ன செய்யும்? மேற்பரப்பைக் கரைக்கும். உமிழ்நீர் நன்றாக ஊறும் வாயில் கழுவிப் போய்விடும். வறண்ட வாயில் தங்கும்.

தட்டும்குழம்பும்:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தில், வாய் வறட்சி உள்ளவர்களுக்கு 1 சதவீத மாலிக் அமிலம் கலந்த ஸ்ப்ரே கொடுத்துச் சோதித்தார்கள். உமிழ்நீர் கூடியது. புளிப்பு நாக்கில் பட்டால் எச்சில் ஊறும், புளியங்காயை நினைத்தாலே ஊறுகிறதே. ஆனால் அந்த ஸ்ப்ரேயில் 10 சதவீதம் சைலிட்டால் என்ற இனிப்பும் ஃப்ளோரைடும் சேர்த்திருந்தார்கள். அமிலம் பல்லை அரித்துவிடக்கூடாது என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. ஆக அமிலத்தின் அளவும், கூடவே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதும் தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது. பவானிக்கரை, டப்பாவில் மாலிக் அமிலம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா?

பவானிக்கரை:

இல்லை. "தனியுரிமைக் கலவை" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எடை கொடுத்திருக்கிறார்கள்.

தட்டும்குழம்பும்:

அப்படியானால் அந்தப் பட்டியலால் பாதிப் பயன்தான்.

சரி, என் துறைக்கு வருகிறேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். 350 கோடி என்ற எண்ணைவிட அந்தப் பாக்டீரியாவின் முழுப் பெயர் முக்கியம். "லேக்டோபேசிலஸ் ரூட்டரி" என்பது ஊர்ப்பெயர் மாதிரி. ஆய்வில் சோதித்தது எந்தத் தெரு, எந்த வீடு என்று வேண்டும். ஈறுக்காக அதிகம் ஆராயப்பட்ட ரூட்டரி வகைகள் இரண்டு: டிஎஸ்எம் 17938, ஏடிசிசி பிடிஏ 5289. இரண்டாவது ஒரு ஜப்பானியப் பெண்ணின் வாயிலிருந்து பிரிக்கப்பட்டது. உங்கள் டப்பாவில் இப்படி ஏதாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஆய்வில் வந்த பலன் இந்த மாத்திரைக்கும் பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. (2020இல் லேக்டோபேசிலஸ் என்ற பேரினத்தையே பிரித்து, ரூட்டரிக்கு லிமோசிலேக்டோபேசிலஸ் ரூட்டரி என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பெயரோடு பல டப்பாக்கள் இன்னும் வருகின்றன, அது தப்பில்லை.)

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை நியூசிலாந்தில் நடந்தது. ஓடாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் டாக் சிறுவயதில் ரூமாட்டிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டவர். தொண்டையில் வரும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் அந்த நோய்க்குக் காரணம். சிலருக்கு மட்டும் அந்தக் கிருமி ஏன் ஒட்டுவதில்லை என்று தேடினார். அவர்கள் வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் என்ற சாதுவான பாக்டீரியா இருந்தது. அது சலிவாரிசின் என்ற சிறு புரதங்களைச் சுரந்து பக்கத்துக் கிருமிகளை அடக்கியது. அதில் கே12 என்ற வகை இன்று பல நாடுகளில் வாயில் கரையும் மாத்திரையாக விற்கிறது. எம்18 என்ற இன்னொரு வகை யூரியாவை உடைத்து அமிலத்தைத் தணிக்கும், பற்காரையின் பசையை வெட்டும் நொதியும் அதற்கு உண்டு.

கவனியுங்கள், இது வாயிலேயே பிறந்து வாழும் உயிர். லேக்டோபேசிலஸ், பைஃபிடோ வகைகளில் பெரும்பாலானவை குடலுக்கும் தயிருக்கும் உரியவை. அதைவிட முக்கியமான ஒன்று: லேக்டோபேசிலஸ்கள் தாங்களே அமிலம் சுரப்பவை. ஆழமான சொத்தைக்குள் அவை நிறைய இருக்கும். ஒருவருக்குச் சொத்தை வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அறிய உமிழ்நீரில் லேக்டோபேசிலஸை எண்ணும் பழக்கமே உண்டு. எல்லா வகையும் கெடுதல் என்று சொல்லவில்லை. வகையின் எண்ணைக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

காலைக்காற்று:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்தேன். கே12 மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டேன். வாய் நாற்றம் உண்மையாகவே குறைந்தது, வீட்டில் உள்ளவர்களே சொன்னார்கள். அலுவலகத்தில் யாரிடமும் பக்கத்தில் நின்று பேசக் கூசுகிற நிலையில் இருந்தேன். இப்போது இல்லை. எல்லாமே விளம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தட்டும்குழம்பும்:

ஒதுக்கவில்லை. உங்களுக்குப் பலன் கிடைத்ததை நம்புகிறேன். 2006இல் வாய் நாற்றம் உள்ள 23 பேரிடம் கே12ஐச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு வாரத்தில், கே12 எடுத்தவர்களில் 85 சதவீதத்தினருக்கு நாற்ற வாயு நன்றாகக் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான், ஆனால் ஆட்கள் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது: இரு தரப்பும் மாத்திரை தொடங்குமுன் குளோர்ஹெக்சிடின் கரைசலால் வாயைக் கொப்பளித்துக் கிருமிகளைக் குறைத்துக்கொண்டார்கள். களை எடுத்த பிறகு நாற்று நட்டது போல. களை எடுக்காத வயலில் நட்டால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லாது.

ஈறும்பல்லும்:

காலைக்காற்று, நீங்கள் மாத்திரையோடு வேறு ஏதாவது மாற்றினீர்களா? கேட்பதற்குக் காரணம், வாய் நாற்றத்தில் பெரும்பகுதி நாக்கின் பின்பகுதியில் மாவு போலப் படியும் அழுக்கிலிருந்து வருவது. அங்கே உள்ள பாக்டீரியா புரதத்தை உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் என்ற கந்தக வாயுக்களை விடுகிறது. துத்தநாகம் கலந்த மாத்திரை அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் வாசனை உடனே அடங்கும். புதினா மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

காலைக்காற்று:

ஆமாம் டாக்டர். அந்தப் பெட்டியில் இருந்த தாளைப் படித்துவிட்டுத்தான் தினமும் நாக்கு வழிக்க ஆரம்பித்தேன். இரண்டும் ஒரே நாளில் தொடங்கியவை. எது காரணம் என்று நீங்கள் கேட்கும் வரை யோசிக்கவில்லை. ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறேன்.

உருளைஎந்திரம்:

பதினோரு வருடமாக மாத்திரை தயாரிக்கும் தொழிற்சாலையில் இருக்கிறேன். நிறுவனம் வேண்டாம். உயிருள்ள பாக்டீரியாவை மாத்திரையாக அழுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

பாக்டீரியாவை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கித்தான் எங்களிடம் வரும். அழுத்தும்போது ஏற்படும் விசையிலும் சூட்டிலும் ஒரு பங்கு செத்துப்போகும். மீதியைக் கொல்வது ஈரம். அதனால் அறையின் ஈரப்பதத்தைக் குறைத்தே வைத்திருப்போம், டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடுவோம், சாகப்போவதைக் கணக்கிட்டு முதலிலேயே கூடுதலாகச் சேர்ப்போம். டப்பாவில் 350 கோடி என்று போட்டிருந்தால், "தயாரித்த நாளில்" என்று இருக்கிறதா, "காலாவதி நாள் வரை" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அமெரிக்காவிலிருந்து கூரியரில் வந்து, கிடங்கில் கிடந்து, சித்திரை வெயிலில் வேனில் சுற்றியிருந்தால் எத்தனை உயிரோடு வந்து சேர்ந்தன என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, புரோபயாடிக் உணவில், அதாவது இப்படி நல்ல பாக்டீரியா சேர்த்த உணவில், ஒரு நாளைய அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள கிருமி இருக்க வேண்டும் என்கிறது.

அப்புறம் ட்ரைகால்சியம் பாஸ்பேட். அதைப் பல்லுக்கு உரம் என்று படித்திருப்பீர்கள். எங்கள் துறையில் அது தூள் கட்டிப்படாமல் ஓடச் சேர்க்கும் பொருள், மாத்திரையை நிரப்பும் பொருள். பெயரில் கால்சியம் இருப்பதால் முன்பக்கத்துக்கு ஏறிவிடுகிறது. மெக்னீசியம் ஸ்டியரேட் மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்க. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் பயப்படுவது மால்ட்டோடெக்ஸ்ட்ரினைப் பார்த்து. அது மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. வாயில் உள்ள நொதி அதைச் சர்க்கரையாக்கும். பல்லுக்காக விற்கும் மாத்திரையில், அதுவும் மென்று வாயில் வைத்திருக்கும் மாத்திரையில், அதை ஏன் போட வேண்டும்? நான் என்றால் மேனிட்டால், ஐசோமால்ட் போன்ற, பல்லைக் கெடுக்காத இனிப்பைப் போட்டிருப்பேன். விலை கொஞ்சம் கூடும்.

ஈறும்பல்லும்:

ட்ரைகால்சியம் பற்றிச் சரியாகச் சொன்னீர்கள். அது உமிழ்நீரில் கரைவதே அபூர்வம். தவிர, நல்ல உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே தேவைக்கு மேல் கரைந்திருக்கின்றன. எனாமலில் ரத்தக் குழாய் கிடையாது, உயிரணுவும் கிடையாது. பல் முளைக்கும்போதே அதை உருவாக்கிய செல்கள் அழிந்துவிடுகின்றன. எனவே விழுங்கிய கால்சியம் வயிறு வழியாக எனாமலுக்குத் திரும்பி வர வழி இல்லை. பலன் தர வேண்டுமானால் பல்லின் மேலேயே பட்டு, அங்கே தங்க வேண்டும். மெல்பர்னில் எரிக் ரெனால்ட்ஸ் குழு பால் புரதத்தோடு கால்சியம் பாஸ்பேட்டைப் பிணைத்தது அதற்காகத்தான். ஜப்பானில் 1993இல் சொத்தைத் தடுப்புக்கு அங்கீகாரம் பெற்ற நுண் ஹைட்ராக்சி அபடைட் பேஸ்டும் அப்படிப்பட்டது. பால் புரதம் ஒவ்வாதவர்கள் முதல் வகையைத் தொடக்கூடாது.

வடதுருவத்தமிழ்:

சைலிட்டாலைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. நான் பின்லாந்தில் துர்கு நகரில் இருக்கிறேன். சைலிட்டால் கதை தொடங்கிய ஊரே இதுதான். 1970களின் தொடக்கத்தில் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஷைனின், மேக்கினன் இருவரும் நூற்றுச்சொச்சம் பேரை மூன்று குழுவாக்கி, இரண்டு வருடம் ஒரு குழுவுக்குச் சாதாரணச் சர்க்கரை, ஒரு குழுவுக்கு ஃப்ரக்டோஸ், ஒரு குழுவுக்கு சைலிட்டால் என்று எல்லா இனிப்பையும் மாற்றிக் கொடுத்தார்கள். சைலிட்டால் குழுவில் புதிய சொத்தை பெரும்பாலும் நின்றேபோனது. ஐந்து கார்பன் கொண்ட இந்த இனிப்பை சொத்தையை உண்டாக்கும் மியூட்டன்ஸ் பாக்டீரியாவால் நொதிக்க முடியாது. உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் சக்தி கிடைக்காது. இன்றும் என் மகளின் குழந்தைகள் காப்பகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு சைலிட்டால் மிட்டாய் கையில் வைப்பார்கள்.

ஈறும்பல்லும்:

அருமை. ஆனால் அந்தக் கணக்கையும் சொல்லிவிடுவோம். அந்த முதல் ஆய்வில் அவர்கள் சாப்பிட்டது நாளைக்கு அறுபது கிராமுக்கு மேல். பிற்காலத்தில் சொத்தைத் தடுப்புக்கு என்று பேசப்படும் அளவு 5 முதல் 10 கிராம், அதுவும் பல வேளையாகப் பிரித்து. உங்கள் காப்பகம் செய்வது அதுதான், சாப்பாட்டுக்குப் பின் உடனே. ஒரு மாத்திரையின் மொத்த எடையே ஒரு கிராம் இருந்தால் அதில் சைலிட்டால் எவ்வளவு இருக்க முடியும்?

அந்த 5 கிராமும் பெரியவர்களிடம் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. அமெரிக்காவில் 691 பேர் 33 மாதம் தினம் ஐந்து மாத்திரை, ஆளுக்கு 5 கிராம், எடுத்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சொத்தை சுமார் 10 சதவீதம்தான் குறைந்தது, அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில் நின்றது. ஆனால் வேர்ப்பகுதிச் சொத்தையைத் தனியாகப் பார்த்தபோது 40 சதவீதம் குறைந்திருந்தது. ஈறு இறங்கி வேர் தெரியும் வயதானவர்களுக்கு அது முக்கியமான இடம். அதனால் நான் சைலிட்டாலைக் கைவிடவில்லை. மெல்லும் கம்மாகக் கொடுத்தால் மெல்லுவதாலேயே உமிழ்நீரும் ஊறும். ரத்தச் சர்க்கரையையும் பெரிதாக ஏற்றாது. அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும், அவ்வளவே.

கருப்பனின்வீடு:

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். நாய்க்கு அது விஷம். உடம்பு அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டும், ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கும், கல்லீரலும் கெடலாம். என் நாய் கைப்பையில் இருந்த கம் பாக்கெட்டைத் தின்றுவிட்டு முக்கால் மணி நேரத்தில் தள்ளாடி விழுந்தது. உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. தயவுசெய்து யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள்.

தொப்பூர்க்கணவாய்:

தருமபுரிக்காரன். மேலே அந்த ஸ்ப்ரேயில் ஃப்ளோரைடு சேர்த்ததாகச் சொன்னீர்கள். எங்கள் ஊர்க் கிணற்றில் அது தானாகவே பாறையிலிருந்து வந்தது. என் வயதுக்காரர்கள் பல பேர் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும், சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்வார்கள். 2013இல் ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகு வளரும் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பல்லைப் பார்க்க மனம் நிறைகிறது. எனவே ஃப்ளோரைடு மாத்திரை என்று கேட்டாலே எனக்கு நடுங்குகிறது.

ஈறும்பல்லும்:

உங்கள் நடுக்கம் நியாயமானது. துப்புவதும் விழுங்குவதும் இங்கே வேறு வேறு. பழுப்புக் கோடு வருவது, பல் ஈறுக்குள் உருவாகும் சிறு வயதில் ஃப்ளோரைடை வருடக்கணக்கில் விழுங்கினால். பேஸ்டில் 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவு எடுத்தால் கால் மில்லிகிராம், அதையும் துப்பிவிடுகிறோம். மேலே பட்டவுடன் எனாமல் படிகத்தில் சேர்ந்து, பிஎச் 4.5 வரை தாங்கும் வலுவைக் கொடுக்கிறது. வளர்ந்தவர்களின் பல்லில் புதிதாகக் கோடு வராது. ஆனால் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊரில் குழந்தைகளுக்கு விழுங்கும் ஃப்ளோரைடு மாத்திரை கொடுக்கவே கூடாது. மென்று நுரைத்துத் துப்பும் பேஸ்ட் மாத்திரை தனி வகை. அதிலும் ஃப்ளோரைடு இல்லாதவை நிறைய வருகின்றன, பார்த்து வாங்க வேண்டும்.

பவானிக்கரை:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். டப்பாவில் எந்த வகை எண்ணும் இல்லை. "தயாரித்த நேரத்தில்" 350 கோடி என்றுதான் இருந்தது. தம்பியிடம் இந்த இழையையே அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு, அக்கா நிறுத்திவிடு என்றான்.

அம்மாவை ஈறு மருத்துவரிடம் கூட்டிப் போனோம். ஈறுக்கடியில் காரை கெட்டியாகப் பிடித்திருந்தது. இரண்டு முறை உட்காரவைத்துச் சுத்தம் செய்தார். புரோபயாடிக் சேர்த்தால் சீக்கிரம் ஆறுமா என்று கேட்டேன். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலே அந்தச் சுத்தத்தோடு புரோபயாடிக் வேண்டாம் என்று சொல்வதாக விளக்கினார். ஈறு ஆறினால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.4 அளவுக்கு இறங்க வாய்ப்புண்டு என்றார். வேர் தெரியும் பற்களுக்கு ஃப்ளோரைடு வார்னிஷ் பூசினார். இரவில் போடும் அலர்ஜி மாத்திரை வாயை வறட்டும் என்று குடும்ப மருத்துவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை மாற்றியதும் அம்மா விடியும் வரை தூங்குகிறார்.

தம்பி இப்போது சைலிட்டால் கம் அனுப்பியிருக்கிறான். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு ஒன்று மெல்லுகிறார். பக்கத்து வீட்டு நாய் எங்கள் திண்ணையில்தான் படுக்கும் என்பதால், கம் பாக்கெட் அரிசி டிரம்முக்கு மேலே, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது.